குறிஞ்சான் பொடியில் கூடுதலாக ஒரு புள்ளி

ஜனவரி 5

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் தன்னைப் பற்றி எழுதி வைத்ததில்லை. அப்பா சம்பளம் வாங்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவார். அம்மா பால் வாங்காத நாளுக்கு அடுப்பங்கரைச் சுவரில் கரிக்கோடு இழுப்பாள். அதற்கு மேல் எழுதுகிற அளவுக்கு எனக்கும் ஒன்றும் நடந்துவிடவில்லை. மில்லில் அப்பாவுக்குப் புத்தாண்டு டைரி கொடுத்தார்கள். "எம்மெஸ்ஸி படிக்கிறவ, ஒனக்குத்தான் ஆகும்" என்று என்னிடம் தந்துவிட்டார். சும்மா கிடந்தால் வருத்தப்படுவார்.

இன்று ப்ராஜெக்ட் தலைப்பு கேட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, "சிறுகுறிஞ்சான், மேடம்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நூர்ஜகான் மேடம் சிரிக்கவில்லை. "சர்க்கரைக்குச் சாப்பிடற கொடிதானே? அதுக்குள்ள என்னென்ன இருக்கு, சாப்பிடறவங்களுக்கு எவ்வளவு பாதுகாப்புன்னு பாரு. நல்ல தலைப்பு" என்றார். நான் யோசித்துச் சொன்னதில்லை. காலையில் அப்பா அந்தப் பொடியைக் கலக்கிக் குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஜனவரி 7

வீட்டில் சொன்னேன். அப்பா தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். உள்ளே போய் ஒளிந்துகொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் மில்லில் நடந்த முகாமில்தான் அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. மாத்திரை வேண்டவே வேண்டாம் என்றார். "அத ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விடாது" என்று மலையடிவாரத்துக்குச் சைக்கிளில் போய்க் குறிஞ்சான் கொடி அறுத்து வந்தார். அம்மா காயவைத்து இடித்துச் சலித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். முதலில் சர்க்கரை அசையவே இல்லை. பிறகு தானாக இறங்கியது. இப்போது ஒவ்வொரு முகாமிலும் அப்பாவின் அளவைப் பார்த்து நர்ஸ் பாராட்டுகிறாராம். மில்லில் 'குறிஞ்சான் குருவையா' என்றால்தான் தெரியும்.

மாதாமாதம் சுகாதார நிலையத்து அக்கா வீடு தேடி மாத்திரை கொண்டுவந்து தருகிறார். அப்பா அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். அம்மா வாங்கி உள்ளே வைத்துவிடுவாள். வாங்காவிட்டால் அந்த அக்காவுக்கு மேலே திட்டு விழுமாம்.

ஜனவரி 12

அப்பா இன்று டிபார்ட்மெண்டுக்கே வந்துவிட்டார். சாம்பிள் நான் எடுத்துப் போவதாகத்தான் பேச்சு. ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. ஒரு கையில் பச்சைக் கொடி, மறு கையில் பொடி டப்பா. காரிடாரில் நின்று, "பாண்டீஸ்வரி எங்க இருக்கு?" என்று பார்த்தவர்களை எல்லாம் கேட்டிருக்கிறார்.

மேடம் எழுந்து நின்று, "உக்காருங்க சார்" என்றார். அப்பா உட்காரவில்லை. ஓர் இலையைக் கிள்ளி மேடத்திடம் நீட்டினார்.

"மெல்லுங்க மேடம். துப்பிராதீங்க."

மேடம் மென்றார். முகம் கோணியது. அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துப் பிரித்தார். சீனி.

"இப்ப இதப் போடுங்க."

மேடம் போட்டுவிட்டுக் கண்ணை அகலமாக விரித்தார். "இனிப்பே தெரியல, மண்ணு தின்ன மாதிரி இருக்கு!"

"இருக்கும்ல! நாக்குலயே இப்படின்னா ரத்தத்துல எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க."

லேபில் எல்லோரும் வந்து ஆளுக்கு ஓர் இலை வாங்கினார்கள். என் பக்கத்து மேசை பிரின்சி, "ஏய், ஒங்க அப்பா செம்ம" என்றாள். அவள் நிஜமாகத்தான் சொன்னாள். எனக்கு அப்பாவின் புருவத்துப் பஞ்சைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. எப்போது போவார் என்று நின்றிருந்தேன். படியிறங்கும்போது திரும்பி, "வரட்டுமாத்தா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "டப்பாவுல உள்ளதயா குடுத்தாரு? ஏன், கடையில ஒரு பாக்கெட்டு வாங்கிட்டுப் போகக் கூடாதா?" அவளுக்கு ஏன் இத்தனை கோபம் என்று தெரியவில்லை.

ஜனவரி 16

பச்சை இலையை நிழலில் உலர்த்திப் பொடித்தேன். அது ஒரு சாம்பிள். அப்பாவின் டப்பாப் பொடி இன்னொன்று. இரண்டையும் மெத்தனாலில் ஊறப்போட்டேன். பாத்திரம் கழுவினேன். மறுபடி கழுவினேன். கல்லூரியில் நான் நன்றாகச் செய்கிற வேலை இதுதான்.

ஜனவரி 19

இலைச்சாற்றைக் குலுக்கினால் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை நிற்கிறது. அப்படித்தான் நிற்க வேண்டுமாம். மேடம் "குட்" என்றார். பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்திருப்பேன் போல. கண்டக்டர் ஒருமாதிரி பார்த்தார்.

ஜனவரி 24

அம்மா பொடி இடிக்கும் நாள். தூசி பறக்கும் என்று எப்போதும் போல அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்பக்கம் குப்பை கொட்டப் போனபோது காலி மாத்திரை அட்டைகள் கிடந்தன. அம்மாவுக்குத் தலைவலி அதிகமோ என்னவோ.

சாயங்காலம் சங்கிலி மாமா வந்தார். அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்ப்பவர். அவருக்கும் சர்க்கரை உண்டு. ஆஸ்பத்திரி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

"குருவையாண்ணே, எனக்கு இன்னும் எறங்க மாட்டேங்குது. ஒங்க பொடியக் கொஞ்சம் குடுங்க."

அம்மா உள்ளேயிருந்து, "அவருக்குக் கடையில வாங்கிக் குடுங்களேன். ஊருக்கெல்லாம் அள்ளி விடுறதுக்கா நான் இடிக்கேன்?" என்றாள்.

"கடைச் சரக்கு வேல செய்யாது, செல்லத்தாயி. ஓங் கையி பட்டாத்தான் செய்யுது" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மாமா என்னைப் பார்த்தார். "டாக்டரம்மா என்ன சொல்லுது? மாத்திரையோட சேத்துக் குடிக்கலாமா?"

"எம் மக மெசின்ல போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கா" என்றார் அப்பா. "கெடுதல் ஒண்ணும் இல்லல்லத்தா?"

நான் எந்த மெஷினிலும் எதையும் பார்க்கவில்லை. நுரை வந்ததை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்பாவின் முகம் அப்படி இருந்தது.

"இல்லப்பா" என்றேன்.

அப்பா தன் டப்பாவிலிருந்தே பாதியைக் கொட்டிக் கொடுத்தார்.

பிப்ரவரி 3

டி.எல்.சி. தட்டில் இரண்டு சாம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். கரைசல் தட்டில் ஏறும்போது ஒவ்வொரு பொருளும் தனித்தனி உயரத்தில் நின்றுவிடும். விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். இரண்டு வரிசையும் ஒன்றுபோல இருந்தன, ஒன்றைத் தவிர. அப்பாவின் பொடியில் மேலே கூடுதலாக ஒரு கறுப்புப் புள்ளி. இலையில் அது இல்லை.

என் கை சுத்தமாக இல்லை போல.

பிப்ரவரி 4

மறுபடி ஓட்டினேன். மறுபடி அதே இடத்தில் அதே புள்ளி.

பிரின்சி எட்டிப் பார்த்தாள். "ஒங்க அப்பா பொடியில பொட்டு வச்சிருக்காரு பாரு" என்று சிரித்தாள். மேடம் கேட்டதற்கு, "தட்டு அழுக்காயிருச்சு மேடம்" என்றேன். இந்தக் கல்லூரியில் நான் சொன்ன முதல் பொய். எவ்வளவு எளிதாக வந்தது.

பிப்ரவரி 5

அரிசிப் பானைக்குப் பின்னால் அம்மா வைத்திருந்த மாத்திரையில் ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போனேன். எதற்கு எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது என்று எழுத வந்தேன். தெரியும்.

மூன்றாவது வரிசையாக அதை வைத்தேன். புள்ளி அதே உயரத்தில் நின்றது.

பிப்ரவரி 6

துணி துவைத்தேன். போர்வை இரண்டும் சேர்த்து.

பிப்ரவரி 8

அப்பா வேலைக்குப் போனபின் அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பின்ன என்ன செய்யச் சொல்ற? மொத ரெண்டு மாசம் வெறும் எலையத்தான் இடிச்சுக் குடுத்தேன். கால்ல புண்ணு வந்து ஆறல. ஒங்க அப்பா மொட்டச் சுவரு. சொன்னாக் கேப்பாரா? பொடிச்சுப் போட்டேன். புண்ணு ஆறிருச்சு."

"சங்கிலி மாமாவுக்கும் போயிருச்சேம்மா. அவரு தனியா வேற மாத்திரை சாப்பிடுறாரு."

"ரெண்டு கரண்டிப் பொடியில என்ன வந்துரப் போகுது?" ஒரு காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, "நான்தான் அன்னைக்கே குடுக்காதீகன்னு சொன்னேன்ல. நீதான் கெடுதல் இல்லேன்னுட்ட" என்றாள்.

நான் கிள்ளிப்போட்ட காம்புகளைக் கூட்டி அள்ளினேன்.

"ஒங்க அப்பாகிட்ட வாயத் தொறந்துராத. மனுசன் அந்த ஒண்ண வச்சுத்தான் நாலு பேருக்கு மத்தியில நிமிந்து நடக்குறாரு."

அதுவும் உண்மைதான்.

பிப்ரவரி 10

சங்கிலி மாமா மில்லில் மயங்கிவிட்டார். நல்லவேளையாக மெஷின் பக்கம் விழவில்லை. ஆஸ்பத்திரியில் சர்க்கரை குறைந்துவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றி, மாத்திரையைப் பாதியாகக் குறைத்து அனுப்பிவிட்டார்கள். பொடியைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, மாமா வீட்டாரும் சொல்லவில்லை. அது மருந்து என்று யாருக்கும் தோன்றாது. அது இலை.

அம்மா கொழுக்கட்டை கொடுத்து அனுப்பினாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து, "வாங்க டாக்டரம்மா, ஃபீஸு எம்புட்டு?" என்று கேலி பேசினார். பேச்சியம்மா அத்தை டம்ளரில் ஒரு கரண்டி பொடியைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை..." என்றேன்.

"என்ன தாயி?"

"இதக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைங்களேன்."

"ஏன், மாத்திரதான் ஒடம்ப உருக்குதுன்னு டாக்டரே பாதியாக் கொறச்சுட்டாரு. இத எதுக்கு நிப்பாட்டணும்? நீயே பாத்துச் சொன்னதுதான?"

"சும்மாதான் சொன்னேன் அத்தை."

மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். டம்ளரை அத்தை கழுவி வைக்கிற வரைக்கும் நின்றேன். பிறகு கொழுக்கட்டைப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 11

ஒன்றுமில்லை.

பிப்ரவரி 13

காலையில் அத்தை தெருவில் ஓடி வந்தாள். மாமா தண்ணீர்த் தொட்டி அருகே விழுந்துகிடந்தார். நெற்றி கல்லில் பட்டிருந்தது. உடம்பெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. அப்பா ஆட்டோவில் தூக்கிப் போட்டார். நானும் ஏறினேன். "நீ எதுக்கு?" என்றார். மாமாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். சிறிது நேரத்தில் மறுபடி மூடிக்கொண்டார். சின்ன வயது டாக்டர். அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "டோஸைக் குறைச்சாச்சு. ஏத்த ஏத்த இறங்குது. ஏன்னு புரியலையே. வேற ஏதாவது சாப்பிட்டாரா?"

அத்தை, "ஒண்ணும் சாப்பிடல சார்" என்றாள்.

அப்பா, "கொஞ்சம் குறிஞ்சான் பொடி, சார். வெறும் எல" என்றார். "எம் மக டெஸ்ட்டு பண்ணிட்டா. சுத்தமான பொடி."

டாக்டர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் பெயரைச் சொல்லவே எனக்குக் குரல் வராது. வகுப்பில் ஆஜர் சொல்லும்போதுகூட பிரின்சிதான் எனக்காகக் கையைத் தூக்குவாள்.

"வெறும் இலை இல்ல சார்" என்றேன். "அதுல கிளிபென்கிளமைடு இருக்கு. சர்க்கரை மாத்திரையப் பொடிச்சுக் கலந்தது. எவ்வளவுன்னு தெரியாது. கரண்டிக்குக் கரண்டி மாறும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன் சார்."

"எப்போ?"

"போன வாரம்."

அவர் திட்டவில்லை. நர்ஸிடம் திரும்பி, "டிரிப்பை நிறுத்தாதீங்க. இந்த மருந்து ஒடம்ப விட்டுச் சீக்கிரம் போகாது, ராத்திரி பூரா சுகர் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

அத்தைக்கு நாங்கள் பேசியது பாதி காதில் விழவில்லை. மாமாவின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு விழுந்தது.

"எவன் கலந்தான்?" என்றார் என்னிடம், மெதுவாக. "மில்லுல எவனாவது..."

நான் கீழே பார்த்தேன். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது. தெரிந்த நிமிடத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத முடியாது.

பிப்ரவரி 14

மாமாவுக்கு நினைவு வந்துவிட்டது. பேச்சு குழறுகிறது. வலது தோள் எலும்பு முறிந்திருக்கிறது. சில மாதங்களுக்கு வேலைக்குப் போக முடியாதாம்.

பிப்ரவரி 16

அப்பா டப்பாவைச் சாக்கடையில் கொட்டிவிட்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா இன்று மாத்திரையை எடுத்துச் சோற்றுத் தட்டின் ஓரத்தில் வெளிப்படையாக வைத்தாள்.

அப்பா அதையே பார்த்தார். "மூணு வருசம். மில்லு பூரா சொன்னேனே. சீனியப் பொட்டலங் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே. எல்லாரையும் நாக்க நீட்டச் சொன்னேனே."

"நாக்குல உள்ளது பொய்யில்லப்பா" என்றேன். "இலையில அது நிஜமாவே இருக்கு."

"நீ பேசாத."

அம்மா சொன்னாள்: "எம் மேல கோவம்னா என்னத் திட்டுங்க. மாத்திர மேல காட்டாதீக. அது சின்னது, தொண்டையில எறங்கிரும்."

அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை. மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் இல்லாமல் விழுங்கிவிட்டு எழுந்து போனார்.

அப்பாவிடம் ஒன்று கேட்க வேண்டும். இன்று கேட்கவில்லை.

பிப்ரவரி 18

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார். அவரும் உட்கார மறந்துவிட்டார்.

"தட்டு அழுக்குன்னு சொன்னியே."

"ஆமா மேடம்."

"ஒன் தட்டு சுத்தமாத்தான் இருந்திருக்கு." ஜன்னல் பக்கம் பார்த்தார். "ரிசல்ட் எதுவா இருந்தாலும் அதுக்குப் பேரு ரிசல்ட். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. நீ எங்கிட்ட வந்திருந்தா அன்னைக்கே ஒரு ஃபோன் பண்ணியிருப்பேன். எங்கிட்ட வர அவ்வளவு பயமா?"

பயம் இல்லை. அன்று அப்பாவுக்கு மரியாதை கொடுத்து, உட்காருங்கள் சார் என்று சொன்னவர் அவர். அந்த அப்பாவின் பொடியைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? அப்பா வந்தபோது வெட்கப்பட்டேன். அவருடைய பெருமை போய்விடுமோ என்று அதற்கும் வெட்கப்பட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் விழுந்துகிடந்தார். இதை மேடத்திடம் சொல்லவில்லை.

"வெறும் இலையாவே இருந்தாலும் மாத்திரையோட சேந்தா சர்க்கரை ரொம்ப இறங்கலாம்" என்றார் மேடம். "மூலிகைன்னா பயமில்லைன்னு படிச்சவங்களே நெனைக்கிறாங்க. நீ இத முழுசா எழுது. யாரு வீட்டுப் பொடின்னு எழுத வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குக் கழிப்பறையில் போய் அழுதேன்.

பிப்ரவரி 22

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா வர மாட்டேன் என்றாள். நான் தனியாகப் போனேன். அத்தையிடம் டாக்டர், "இனிமே பொடி கிடி எதுவும் கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க அப்பாகிட்ட சொல்லு தாயி. அண்ணே மொகங் குடுத்தே பேச மாட்டேங்காரு. பொடி மேல தப்பில்ல. அத்தன பேருக்குச் சேருது, இவரு ஒடம்புக்குச் சேரல. நான்தான் சீக்கிரம் கொணமாகட்டும்னு ரெண்டு கரண்டியாப் போட்டுட்டேன். எந் தப்பு."

மாமா குழறிக் குழறி, "ஃபீஸு... பாக்கி இருக்கு... டாக்டரம்மா" என்றார்.

அத்தை தன் மேல் போட்டுக்கொண்ட தப்பை நான் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒரு காபியும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 23

இன்றும் அப்பாவிடம் கேட்கவில்லை. இரண்டு தடவை பக்கத்தில் போனேன். முதல் தடவை, "என்ன?" என்றார். "குடம் எங்கப்பா?" என்றேன். குடம் என் கையில் இருந்தது.

பிப்ரவரி 25

சாயங்காலம் அப்பா சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். போய் எதிரில் உட்கார்ந்தேன். அவர் மிதியைச் சுற்றினார். சக்கரம் சுற்றி நின்றது.

"அத்தை அவங்க தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்கப்பா" என்றேன்.

"தெரியும். எங்கிட்டயும் சொல்லிவிட்டுது."

"நாளைக்கு நான் போய்ச் சொல்லப் போறேன். பொடியில என்ன இருந்துச்சுன்னும் சொல்லுவேன். நான் பாக்காமலே கெடுதல் இல்லேன்னு சொன்னதும், பாத்த பொறகு சொல்லாம இருந்ததும். அம்மா எதுக்குச் செஞ்சான்னும் சொல்லுவேன். அவங்க என்ன சொன்னாலும் கேட்டுக்குவேன்."

அப்பா எண்ணெய்க் குப்பியை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"மில்லு பூரா தெரிஞ்சுரும்" என்றார்.

"ஆமாப்பா."

சக்கரத்தை மறுபடி சுற்றிவிட்டார். நான் எழுந்துவிட்டேன். வாசல் வரை வந்துவிட்டேன். அங்கேயே நின்று, இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததை அவர் பக்கம் திரும்பாமல் கேட்டேன்:

"நீங்களும் வாரீங்களாப்பா? பேச வேண்டாம். எம் பக்கத்துல நின்னாப் போதும்."